ஸ்டேஷன் மாஸ்டர் மேல் நான் எழுதிய முறைப்பாடுகள்

பண்டாரவளைக்கும் பதுளைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஸ்டேஷனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த மனிதர் யாரென்று தெரிந்துவிடும். இரக்கப்பட்டு மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை வாசித்துவிட்டு யாராவது அவர் தங்கமான மனிதர் என்று எனக்குக் கடிதம் எழுதினால் எனக்குத் தாங்காது, அதனால்தான்.

சின்ன ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், இரண்டு தண்டவாளம், ஓர் ஆபீஸ் அறை. தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து தேயிலைக்குள்ளால் இருபத்தைந்து நிமிஷம் இறங்கினால் வந்துவிடும். காலையில் ஒரு ஸ்லோ ட்ரெயின் பதுளைக்குப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி கிளினிக் கார்டைப் பையில் சுருட்டி வைத்திருக்கும் நோயாளிகள் எல்லோரும் அதில்தான் போவார்கள். மத்தியானம் ஒன்று வரும். மாலையில் காலை போன கூட்டத்தையே களைத்த முகங்களோடு திருப்பிக் கொண்டுவந்து கொட்டும். கொழும்பிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. அதன் வாசல்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கை காட்டுவார்கள். நான் ஒருநாளும் பதிலுக்குக் கை காட்டியதில்லை. எனக்கு அதற்கெல்லாம் மனசு வராது.

பதுளையில் ஒரு லோயரிடம் கிளார்க்காக வேலை. காணிப் பிரச்சினை, ஜீவனாம்சம், பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை என்று வருகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் மனு தட்டுவேன். அடுத்தவர் கோபத்தை ஒழுங்கான வாக்கியமாக மாற்றுவதுதான் என் தொழில். சொந்தக் கோபத்துக்கு அந்தத் தொழில் எப்படி உதவியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒற்றை ஆளாக எல்லாம் செய்வார். டிக்கெட் கொடுப்பது அவர், சிக்னல் போடுவது அவர், ஒற்றைப் பாதையில் ரயில் போக அனுமதியான டேப்லட்டை வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவதும் அவர். வெள்ளை யூனிபார்மில் ஒரு மடிப்புக் கலையாது. தமிழ் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு சொல்: "இரு". தோட்டத்து ஆட்கள் யார் ஜன்னலுக்குப் போனாலும் உள்ளங்கையைக் காட்டி "இரு, இரு" என்பார். பின்னால் வந்து நிற்கிற கடைக்கார முதலாளிக்கும் டீச்சருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்த பிறகுதான் அந்தக் கை இறங்கும். நான் சீசன் டிக்கெட் வைத்திருப்பவள், மாதத்தில் ஒருநாள்தான் எனக்கு அந்த ஜன்னலில் வேலை. அந்த ஒருநாளும் எனக்கு "இரு" கிடைக்கும். நான் இருக்க மாட்டேன். சிங்களத்தில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன், உடனே டிக்கெட் வரும். என் அம்மாவுக்கு அந்த நாலு வார்த்தை இல்லை. கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் அவளுடைய சிங்களம்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் அவளும்தான். பென்ஷன் வயதுக்கு வந்த கையோடு அவளுக்கு இடது கண்ணில் அழுத்தம் வந்தது. மருந்து விட்டுப் பார்த்து முடியாமல், ஆபரேஷன் செய்வதென்று டாக்டர் நாள் குறித்தார். அன்று காலை கிளினிக்கில் பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கிளினிக்குக்கு நம்பர் எடுக்க விடியமுன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் நான் முதல் பஸ்ஸில் போனேன். அம்மாவுக்கு அந்த வளைவுகளில் பஸ் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுத்தே பாதி உயிர் போய்விடும். அவள் காலை ஸ்லோ ட்ரெயினில் வருவதாகவும், நான் பதுளை ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போவதாகவும் ஏற்பாடு. ரயில் வந்தது. நான் கடைசிப் பெட்டி வரைக்கும் ஓடி ஓடிப் பார்த்தேன். அம்மா இல்லை. போன் எடுத்தேன்.

"அம்மா, எங்க இருக்க?"

"ஸ்டேஷன்லதான் பாப்பா."

"எந்த ஸ்டேஷன்ல?"

"நம்ம ஸ்டேஷன்லதான். ரயிலு போயிருச்சு. டிக்கெட்டு குடுக்கல."

"யாரு குடுக்கல?"

"ஸ்டேஷன் மாத்தயாதான். அடுத்த ரயிலுக்கு நிக்கிறேன். நீ சாப்புட்டியா?"

ஓர் ஆட்டோவைப் பிடித்து வா என்று கத்தினேன். முதல்நாள் மழையில் ஸ்டேஷன் ரோட்டில் மண் சரிந்து வண்டி எதுவும் இறங்கவில்லை என்றாள். டிக்கெட் இல்லாமலே ஏறியிருக்கலாமே என்று கேட்டேன். "தண்டம் போடுவாங்கல்ல பாப்பா" என்றாள். மத்தியான ரயிலில் அவள் வந்து இறங்கியபோது கிளினிக் கதவு பூட்டியிருந்தது. என் கையில் விடியற்காலையில் எடுத்த நம்பர் துண்டு வியர்வையில் நனைந்து கிடந்தது. அம்மா கட்டியிருந்தது கோயிலுக்கு மட்டும் கட்டும் சேலை. ஆபரேஷனுக்கு அதைப் போய் ஏன் கட்டினாய் என்று அவளையே ஏசினேன்.

அடுத்த பட்டியல் மூன்று மாதம் கழித்து வந்தது. அதற்குள் கண் போய்விட்டது. டாக்டர் நல்ல மனுஷி. விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. முடிக்காத வாக்கியத்தை நான் ராத்திரி பகலாக முடித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் அம்மா இடது பக்கம் இருப்பதைப் பார்க்கக் கோழி பார்ப்பது போலத் தலையை முழுதாகத் திருப்புகிறாள். ஒவ்வொரு தடவை அவள் திருப்பும்போதும் எனக்கு அந்த வெள்ளை யூனிபார்ம்தான் ஞாபகம் வரும்.

நான் விவரம் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டு குடுக்கல என்ற இரண்டு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. அந்த மனிதர் தான் செய்தது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டு மிச்ச ஆயுளை அதோடு கழிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேலை போக வேண்டும் என்றோ அடி விழ வேண்டும் என்றோ நான் ஆசைப்படவில்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அரசன் பதவி எனக்கு இல்லை. நின்று கொல்ல எனக்குத் தோதான இடம் இருந்தது, தினமும் அந்தப் பிளாட்பாரத்தில் நான் நின்றுதானே ஆக வேண்டும்.

ஜன்னலுக்கு மேல் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. முறைப்பாட்டுப் புத்தகம் நிலைய அதிபரிடம் இருக்கிறது என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஜன்னலில் கையை வைத்து, சிங்களத்தில், புத்தகத்தைத் தாருங்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். எழுந்துபோய் அலுமாரி மேலிருந்து தூசி தட்டி எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார். அதில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருக்கும்.

நான் தமிழில் எழுதினேன். வேண்டுமென்றே எழுதினேன். சிங்களத்தில் எழுதியிருந்தால் அவர் தானே வாசித்துத் தானே மூடி வைத்துவிடுவார். தமிழில் எழுதினால் யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவர் வாயால் அதைக் கேட்க வேண்டும், கேட்கும்போது அவமானப்பட வேண்டும். மனு தட்டிப் பழகிய என் மூளை அப்படியெல்லாம் வேலை செய்தது. "மேற்படி நிலையத்தில் கடமையாற்றும் அதிபர் அவர்கள், கண்நோயாளியான எனது தாயாருக்குப் பயணச்சீட்டு வழங்காது புறக்கணித்தமையால், எனது தாயார் தமது இடது கண்ணை நிரந்தரமாக இழந்துள்ளார்" என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரயில் வர நேரம் இருந்தது. அவர் போர்ட்டரைக் கூப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போர்ட்டர் எங்கள் தோட்டத்து ஆள், பக்கத்து லயம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். பல வருஷமாகத் தற்காலிகமாகவே அங்கே மூட்டை தூக்குகிறார். அவர் புத்தகத்தை வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்து, வாய்க்குள் வாசித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாஸ்டரின் முகம் கறுத்தது. தலையை ஆட்டினார். எனக்கு அன்று ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பதுளை வரைக்கும் நின்றுகொண்டே, தித்திப்பு சாப்பிட்டவள் போலப் போனேன்.

மறுநாளும் புத்தகத்தைக் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒரு வருஷம், வேலை நாள் தவறாமல் எழுதினேன். காய்ச்சலில்கூட இறங்கிப்போய் எழுதிவிட்டு வந்து படுத்திருக்கிறேன். சில நாள் சட்டப்படி எழுதினேன். சில நாள் அம்மா அன்று காலையில் எதில் முட்டிக்கொண்டாள், எந்தக் கோப்பையைத் தட்டிவிட்டாள் என்று எழுதினேன். ஒருநாள், "உங்கள் கண்ணிலும் அழுத்தம் வரட்டும், உங்களுக்கும் யாராவது டிக்கெட் கொடுக்காமல் போகட்டும்" என்று சாபமே எழுதினேன். அதை எழுதியதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. ஒவ்வொரு நாளும் போர்ட்டர் அண்ணன் கூப்பிடப்படுவார், விரல் வைத்து வாசிப்பார், மாஸ்டர் முகம் மாறும்.

அம்மாவுக்கு நான் ஏதோ எழுதுகிறேன் என்று தெரியும், என்ன என்று தெரியாது. கேட்டால் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடுவேன்.

கொஞ்ச நாளில் ஸ்டேஷனில் மாற்றம் தெரிந்தது. பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதுவரைக்கும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பைப்பில் தண்ணீர் வந்தது. ஒழுகின கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். வயதானவர்கள் பெட்டியில் ஏறக் கஷ்டப்படுவார்கள் என்று மரத்தில் ஒரு படி செய்து வைத்தார்கள். ஆகா, மனச்சாட்சி உறுத்துகிறது, மனிதர் பிராயச்சித்தம் செய்கிறார் என்று நான் நினைத்தேன். செய்யட்டும், விடுவேனா என்று இன்னும் காரமாக எழுதினேன்.

ஒருநாள் மாலை இறங்கும்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. பெரிய ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்களாம். சிங்களத்தில் இருந்தது. பயணிகளின் முறைப்பாடுகளுக்கு உடனுக்குடன் நடவடிக்கை எடுத்துச் சிறப்பாகக் கடமையாற்றியமைக்காக என்று அவர் பெயர் போட்டிருந்தது. நான் அதை மூன்று தடவை வாசித்தேன். மாஸ்டர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இதில் பாதிப் பங்கு மிஸ்ஸுக்குத்தான்" என்றார் சிங்களத்தில்.

புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். அதுவரை நான் பின்னால் புரட்டியதே இல்லை. புதுப் பக்கத்தில் எழுதுவேன், மூடுவேன், போவேன். என் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் கீழே அவர் சிவப்பு மையில் சிங்களத்தில் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டேஷன் முத்திரையும் குத்தியிருந்தார். என் அம்மா இடது கண்ணை நிரந்தரமாக இழந்தாள் என்ற வரிக்குக் கீழே, "கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது" என்று இருந்தது. அம்மா அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதற்குக் கீழே, "குழாய் திருத்தப்பட்டது". சாபம் எழுதியிருந்த பக்கத்துக்குக் கீழே, "பிளாட்பாரத்தில் ஆடுகள் வராதவாறு வேலி அடைக்கப்பட்டது". பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்களே, எனக்கு முழுக் குரங்குக் கூட்டமே சான்றிதழோடு வந்து நின்றது.

போர்ட்டர் அண்ணன் பார்சல் கொட்டகையில் லீக்ஸ் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதுமே மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

"கக்கூஸ் கதவா அண்ணே? எங்கம்மா கண்ணு ஒங்களுக்குக் கக்கூஸ் கதவா?"

"மொத நாளு நான் வாசிச்சே முடிக்கல. என்ன எழுதியிருக்கு, என்ன எழுதியிருக்குன்னு அவரு கேக்குறாரு. இத எப்பிடி அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்றது? திரும்பிப் பாத்தேன், கக்கூஸ் கதவு ஆடிக்கிட்டு இருந்துச்சு. வாயில வந்துருச்சு."

"அது மொத நாளு. மத்த நாளெல்லாம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "எப்பிடியும் பொய்யிதான் சொல்லப்போறோம், நாலு பேருக்குப் பிரயோசனமா சொல்லுவோமேன்னுதான்..."

அவரை அடித்திருப்பேன். கையில் குடை இருந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் என் கை நின்றுவிட்டது. அவரை நிரந்தரமாக்குவதற்கான கடிதம் மேலே போக வேண்டும். அதில் மாஸ்டர் நல்லவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாஸ்டர் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. "ரெண்டு புள்ளைங்க தங்கச்சி" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் கூடியிருக்கும். மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அவர் புரட்டிச் சொன்னது தெரிந்தால் அவருடைய வேலை அன்றே போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த இரண்டு மாதமும் நான் புத்தகத்தைக் கேட்கவில்லை. மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், எல்லாம் சரியாக இருக்கிறதா மிஸ், ஏதும் குறையா என்று விசாரிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு குறை எதுவுமில்லை என்பேன். மனிதர் நிம்மதியாக ஓய்வுபெறப் போகிறார், சான்றிதழைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார், அதை வாங்கிக் கொடுத்தது நான். 

அவருடைய கடைசி வேலை நாளன்று காலையில் சீசன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பிளாட்பாரத்தில் பாற்சோறும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் ஏற்பாடு செய்தார்கள். அம்மாவும் என்னோடு வந்தாள். போர்ட்டர் அண்ணன்தான் வரச் சொன்னாராம். கையில் ஒரு தேத்தூள் பொட்டலம் வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். "மாத்தயாவுக்குத்தான். போற மனுஷன், வெறுங்கையோட எப்பிடிப் பாக்குறது?" என்றாள். அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறியவேண்டும் போலிருந்தது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மாஸ்டர் ஆபீஸ் அறைக்குள் போனார். இனியும் விட்டால் ஆள் கையைவிட்டுப் போய்விடுவார். அம்மாவை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நானும் போனேன். கழுவுவதற்குக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த போர்ட்டர் அண்ணன், எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் சிங்களத்தில் சொன்னேன். கோர்ட்டில் நின்று பேசுவது போல, அவசரப்படாமல், திகதி நேரம் எல்லாம் சொன்னேன். ஆபரேஷன் நாள், காலை ரயில், டிக்கெட் கொடுக்காதது, மூன்று மாதம், கண். அம்மாவின் தாடையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பி, "பாருங்கள்" என்றேன். அம்மா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் முறைப்பாட்டுப் புத்தகம் கிடந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை எழுதினீர்களே மிஸ், இதை ஏன் ஒருநாளும் எழுதவில்லை?"

வாசலில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இது புத்தகத்தில் எழுதுகிற விஷயம் இல்லை" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது என் ஒரு வருஷத்தை நானே கிழித்துப் போட்டது போலிருந்தது.

அவர் அம்மாவை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று கிராசிங்குக்கு எதிரே வரவேண்டிய ரயில் பிந்தியது, ஸ்லோ ட்ரெயினை நான் பன்னிரண்டு நிமிஷம் இங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். யாரையோ வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ரயில் போன பிறகும் நின்றார். மத்தியானம் வரைக்கும் அதே இடத்தில் நின்றார். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கடைசியில் நான்தான் கைகாட்டிக் கூப்பிட்டு, பதுளைக்கா என்று கேட்டு டிக்கெட் கொடுத்தேன். ஏன் ஜன்னலுக்கு வரவில்லை? அவரிடம் கேளுங்கள்."

பொய் என்றுதான் நினைத்தேன். அவருக்கு முன்னாலேயே பொய்யை உடைக்க வேண்டும் என்று அம்மா பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கு டிக்கெட்டுக்கு நீ ஜன்னலுக்குப் போனியா இல்லியாம்மா?"

"இல்லியே."

"ஏம்மா போகல?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

"கூப்புடலயே பாப்பா."

தோட்டத்து ஆபீஸுக்கும் ஒரு ஜன்னல் உண்டு. சம்பளமோ, அட்வான்ஸோ, பிரசவ லீவோ, செத்தவீட்டுக்குப் பெட்டியோ, எதுவானாலும் அங்கேதான் போக வேண்டும். ஆனால் ஜன்னலுக்குப் போக முடியாது. முன்னால் ஓடும் கானுக்கு, அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு, இந்தப் பக்கம் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து கிளாக்கர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கானைத் தாண்டலாம். கூப்பிடாமல் தாண்டியவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என் அம்மா அப்படி முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். அன்று அவள் ஸ்டேஷன் ஜன்னலைப் பார்த்தாள், உள்ளே வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் இருந்தார், அவர் கூப்பிடுவார் என்று தள்ளி நின்றாள். கூப்பிடவில்லை. ரயில் வந்து, பன்னிரண்டு நிமிஷம் அவள் முன்னால் நின்று, போனது. அதைத்தான் அவள் போனில் டிக்கெட்டு குடுக்கல என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"என்ன சொல்கிறார்?" என்றார் மாஸ்டர்.

வாசலில் போர்ட்டர் அண்ணன் அசையாமல் நின்றார். அம்மா சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. அவர் கண் என்மேலேயே இருந்தது. மாஸ்டரின் கண்ணும் என்மேல்தான் இருந்தது. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அந்த அறையில் அம்மா சொன்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

"போனாராம். நீங்கள்தான் கையைக் காட்டி நிற்கச் சொன்னீர்களாம்."

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராக அடுத்த வாக்கியம்கூட நாக்கில் இருந்தது. அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். 

"சொல்லியிருப்பேன்" என்றார். "எல்லோருக்கும் சொல்கிறதுதானே."

 அந்த வெள்ளை யூனிபார்முக்குள் ஆள் சுருங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷம் எழுதியும் கிடைக்காதது ஒரே ஒரு பொய்யில் கிடைத்துவிட்டது. போர்ட்டர் அண்ணன் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் புரட்டிச் சொன்னவர் என்னைக் கேட்க முடியாது என்பதும் எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

ரயில் வரும் மணி அடித்தது. மாஸ்டர் எழுந்து தொப்பியைப் போட்டார், டேப்லட் வளையத்தை எடுத்தார். வெளியே எஞ்சின் வந்து நின்ற இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போகிறவர் அம்மா முன்னால் நின்றார். தலையைக் குனிந்து, தணிந்த குரலில் சிங்களத்தில் பேசினார். என்னை மன்னித்துவிடுங்கள் அம்மா, உங்கள் கண்ணை நான் எடுத்துவிட்டேன், இனி நான் என்ன செய்து அதைத் தீர்ப்பேன் என்று கேட்டார். கேட்டுவிட்டு வளையத்தோடு வெளியே போய்விட்டார்.

அம்மா தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தாள். தேத்தூள் பொட்டலம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"என்ன பாப்பா சொல்லிட்டுப் போறாரு மாத்தயா?"

"போயிட்டு வாறேங்கிறாரு" என்றேன்.